மூன்று ஷிஃப்டும் பார்த்த பிறகு

ஒரு அறையை அலங்கரிக்க எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் வாயைத் திறக்காமல் என் மனைவியைக் கைகாட்டிவிடுவேன். அந்த விஷயத்தில் நான் நன்றாகப் பட்டுத் தெளிந்தவன். பட்ட இடம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், பிள்ளைப்பாக்கத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி இருந்த ஒரு வாடகை அறை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வடக்கே வந்து, கார் எஞ்சினுக்கான அலுமினிய உறைகளைச் சீவித் துளையிடும் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. வார்ப்பிலிருந்து வந்த உறையை மெஷினில் கட்டியதும் முதலில் ஜீரோ எடுக்க வேண்டும். அந்த உறையில் எந்த முகம், எந்த மூலை நம்பத் தகுந்ததோ அதைத் தேர்ந்தெடுத்து, இனி எல்லா அளவும் இங்கிருந்துதான் என்று மெஷினுக்குச் சொல்லிவிடுவதுதான் ஜீரோ. அதில் கோட்டை விட்டால் மற்ற எதையும் சரிசெய்ய முடியாது. இருபது துளையும் ஒன்றுக்கொன்று துல்லியமாக இருக்கும், உறை மட்டும் எந்த எஞ்சினிலும் பொருந்தாது. புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு இதைப் பாடம் எடுப்பதில் எனக்கு அலாதி சந்தோஷம்.

தை மாதம் கல்யாணம் ஆனது. அப்போது நான் வேறு நாலு பேருடன் ஒரு அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்ததால், மனைவி அவள் அப்பா வீட்டிலேயே இருந்தாள். மாமனார் கோவில்பட்டியில் இரும்புக்கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரே பெண். கல்யாணப் பேச்சு நடந்தபோதே, மாப்பிள்ளை கடையைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று சாடைமாடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பங்குனியில் நேராகவே கேட்டுவிட்டார். நான் மென்று விழுங்கினேன். அவரும் முறுக்கிக்கொள்ளாமல் ஒரு வழி சொன்னார்.

“ஆனி மாசம் அவளக் கூட்டிட்டுப் போங்க மாப்ள. ஆடிக்கு நான் வந்து பிள்ளைய அழைச்சிட்டு வரணும்லா, அன்னைக்கு அவ என்ன சொல்லுதாளோ அதுதான். அங்கன சரிப்படும்னா ஆவணில திரும்பி வரட்டும். சரிப்படாதுன்னா நீங்க பேசாம கடைக்கு வந்துருங்க.”

புதுப்பெண்ணை ஆடிக்கு அப்பா வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அதையே அவர் எனக்குக் கெடுவாக வைத்துவிட்டார். மறுக்க முடியவில்லை. ஒத்துக்கொண்டேனே தவிர, அன்றிலிருந்து எனக்கு உள்ளூர உதறல்தான். மெஷின் முன்னால் நின்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது. வெட்டுகிற சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன். அதை விட்டுவிட்டு மாமனாரின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீலும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுக்கும் ஆளாக என்னை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் எல்லாமே அந்த அறையில் இருக்கிறது என்று முடிவு செய்தேன். அறை அவளுக்குப் பிடித்துவிட்டால் வேலை தப்பிக்கும்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு குடும்பம் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் வரிசையாக ஆறு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தது. கடைசி அறையைப் பிடித்தேன். கிழக்கே வாசல், மேற்கே ஜன்னல், வடக்குச் சுவரில் உயரே ஒரு பரண், மூலையில் அடுப்பு வைக்க ஒரு கல்மேடை. ஜன்னலுக்கு வெளியே வேலிகாத்தான், அதைத் தாண்டி வீட்டுக்காரர்கள் இன்னும் விற்காமல் வைத்திருந்த கொஞ்சம் நெல் வயல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அறைக்கு ஜீரோ எடுத்தேன்.

வேறு யாருக்கும் இப்படி ஒரு கிறுக்குத்தனம் தோன்றியிருக்காது. மணிமங்கலத்திலிருந்து வந்து பக்கத்தில் கட்டட வேலை செய்த கொத்தனாரிடம் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூபை இரவல் வாங்கி, தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் நாலு சுவரையும் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். வடகிழக்கு மூலைதான் ஜீரோ. அங்கிருந்து கட்டில் இத்தனை மில்லிமீட்டர், டிவி ஸ்டாண்டு இத்தனை, கல்யாணப் போட்டோ இத்தனை என்று குறித்தேன். வீட்டுக்கார அம்மா இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தார்.

“இன்னா தம்பி, செவுரு பூரா கோடு போட்டுக்கினு கீற? வெள்ள அடிக்கப் போறியா, இல்ல இடிக்கப் போறியா?”

“அளவு எடுக்கிறேம்மா. எல்லாம் ஒரே மட்டத்துல வரணும்ல.”

“வூட்டுக்கு வர்றவ மட்டத்தப் பாக்கவா வர்றா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதோடு விட்டேனா? கோடுபோட்ட தாளில் அறையை வரைந்து, எல்லா அளவுகளையும் எழுதி, கோவில்பட்டிக்குத் தபாலில் அனுப்பினேன். மற்றவர்கள் புது மனைவிக்கு என்னென்னவோ எழுதுவார்கள். நான் டிராயிங் அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து கடைசியில், “படம் நன்றாக இருக்கிறது. இதில் மனிதர்கள் எங்கே இருப்பார்கள் என்று போடவில்லையே?” என்று கேட்டிருந்தாள். ஏதோ செல்லமாகக் கிண்டல் பண்ணுகிறாள் என்று அந்த வரியை நாலைந்து தடவை படித்துச் சந்தோஷப்பட்டேன். அதுதான் என் புத்தி.

சுவருக்குப் பிஸ்தா பச்சை டிஸ்டெம்பர் அடித்தேன். வடக்குச் சுவரில், பரணுக்குக் கீழே, கண்ணாடிக் கதவு வைத்த ஒரு ஷோகேஸ். நாலடி அகலம், எட்டுத் திருகாணி. ஒரு மெக்கானிக் நண்பனின் டிரில்லை வாங்கி வந்து நானே துளை போட்டு மாட்டினேன். உள்ளே ஒரு தாஜ்மகால், கண்ணாடி அன்னப்பறவை ஜோடி, கம்பெனியில் கேரம் போட்டியில் வாங்கிய கோப்பை. கட்டிலைத் தெற்குச் சுவரோரம் போட்டேன். தலைமாடு கிழக்கே, கால்மாடு ஜன்னலைப் பார்த்து. கிழக்கே தலை வைத்தால் நல்லது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஜன்னலுக்கு மெல்லிசாகப் பூப்போட்ட திரை.

எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தால், எல்லாமே கோணலாக இருந்தது. ஷோகேஸ் ஒரு பக்கம் தூக்கியிருந்தது. போட்டோ சாய்ந்திருந்தது. டியூபை வைத்துப் பார்த்தால் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பிறகுதான் விளங்கியது. மாட்டுக்கொட்டகை இருந்த இடமாதலால் கழுவிவிட்ட தண்ணீர் வாசல் பக்கம் ஓட வேண்டும் என்று தரையைச் சரிவாக வைத்திருந்தார்கள். பரணும் அந்தச் சரிவையே பார்த்துப் போடப்பட்டிருந்தது. அறை முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்திருக்க, அதற்குள் என் சாமான்கள் மட்டும் உலக மட்டத்துக்கு நிமிர்ந்து நின்றன. பார்க்க வந்த கம்பெனி ஆட்கள் எல்லோரும் தலையைச் சாய்த்தே பார்த்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் டியூபை எடுத்துக் காட்டி விளக்கம் சொன்னேன்.

ஆனி பிறந்து ஒரு வாரம் கழித்து அவள் வந்தாள். மாமனாரே கொண்டுவந்து விட்டார். அவர் வாசலில் நின்றபடியே அறையை ஒரு சுற்றுப் பார்த்து, ஷோகேஸைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, ஒன்றும் சொல்லாமல் அன்று மாலையே ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். கடையில் ஒரு சரக்கைப் பிடிக்கவில்லை என்றால் அவர் அப்படித்தான் பேசாமல் திருப்பி வைப்பார்.

அவளும் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். அன்னப்பறவையைக் கையில் எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். தான் கொண்டுவந்த இரும்புப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். மாற்றிக்கொள்ள மூன்று சேலை மட்டும் வெளியே ஒரு பையில் இருந்தது. பெட்டி திறக்கப்படவே இல்லை.

முதல் வாரம் எனக்கு முதல் ஷிஃப்ட். காலை ஆறு மணிக்குப் போய் மதியம் திரும்பிவிடுவேன். சமைத்தாள், பேசினாள், சிரித்தாள், மாலையில் இரண்டு பேரும் ஏரிக்கரை வரை நடந்தோம். ஒருநாள் வேலைக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, போன வருஷம் மூன்றாவது ஷிஃப்டில் தூக்கக் கலக்கத்தில் உறையைத் திருப்பிக் கட்டி டூலை உடைத்ததையும், அது தெறித்து மெஷின் கதவுக் கண்ணாடியில் அடித்ததையும் வேடிக்கையாகச் சொன்னேன். கம்பெனியில் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை.

“பகல்ல எம்புட்டு நேரம் தூங்குவீங்க?” என்று கேட்டாள்.

“அஞ்சாறு மணி நேரம். மூணாவது ஷிஃப்டுன்னா எல்லாருக்கும் அம்புட்டுத்தான்” என்றேன்.

இரண்டாவது வாரம் இரண்டாவது ஷிஃப்ட். மதியம் போய் ராத்திரி வந்தேன். பெட்டி அப்படியே இருந்தது. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வேலையில் நிற்கும்போதும் கட்டிலுக்கு அடியில் பூட்டோடு கிடக்கும் அந்தப் பெட்டிதான் நினைவில் வரும். தங்க நினைக்கிறவள் பெட்டியைத் திறக்க மாட்டாளா? வீட்டுக்கார அம்மாவுக்குக்கூட அது கண்ணில் பட்டுவிட்டது.

“இன்னாம்மா, வந்து ரெண்டு வாரம் ஆவுது, பொட்டி பூட்னா மாறியே கீது? ஊருக்குப் போற மாறி ஒக்காந்துக்கினு கீறியே.”

“இருக்கட்டும்மா. இன்னும் மூணாவது ஷிஃப்ட் பாக்கலேல்லா” என்றாள் அவள்.

நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டே அதைக் கேட்டேன். அதையும் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ராத்திரி தனியாக இருக்க வேண்டியிருக்கும், அதையும் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் வந்தது. காலை ஏழு மணிக்கு வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவேன். வழக்கம்போல நடு மதியத்தில் விழிப்பு வரும். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு புரள்வேன். எரிச்சலில் அவளிடம் வள்ளென்று விழுவேன். பேச்சிலராக இருந்தபோது அறையில் எல்லோருமே இப்படித்தான் இருந்தோம். தூக்கம் கெடுவதை ஷிஃப்டோடு சேர்ந்து வருவது என்றே எடுத்துக்கொண்டிருந்தோம்.

நாலாவது நாள் மதியம் கண்ணைத் திறந்தபோது தரையில் சாக்பீஸ் கோடுகள் தெரிந்தன. ஜன்னலுக்குக் கீழே தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிலை நோக்கி வந்திருந்தன. கட்டில் சட்டத்தில் மூன்று கோடு. கட்டிலுக்கு மேலே, என் பிஸ்தா பச்சைச் சுவரிலும் இரண்டு கோடு. பக்கத்தில் சின்னச் சின்னதாக எண்கள் வேறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“யாரு சுவத்துல கிறுக்குனது?”

கல்மேடையருகே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “நான்தான்.”

“என்னது இது?”

“வெயிலு” என்றாள். “ஒரு மணிக்கு உங்க கால்ல விழுது. ஒண்ணரைக்கு நெஞ்சு. ரெண்டு மணிக்கு மூஞ்சி. அப்பதான் முழிக்கீங்க. நாலு நாளும் அப்படித்தான்.”

அவள் எழுந்து வந்து, அறையைக் காட்டிக்காட்டிப் பேசினாள். வாசல் பக்கம் பதினோரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது, ஆறு வீட்டுக் குடமும் அங்கே முட்டுகிறது, அப்போது ஒருமுறை புரளுகிறீர்கள். ஜன்னல் பக்கம் லாரி சத்தம் கேட்கிறது, ஆனால் அதற்கு நீங்கள் அசைவதில்லை. இந்த அறையில் நாள் முழுக்க வெயில் எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது பரணுக்குக் கீழே. கட்டில் அங்கேதான் வர வேண்டும்.

“அங்க ஷோகேஸ் இருக்கே” என்றேன்.

“கழத்திரலாம்.”

“கழத்துறதா? எட்டு ஸ்குரூ போட்டு மாட்டுனது. அளவெடுத்து, மட்டம் பார்த்து...”

“முதல்ல ஆளு எங்க தூங்கணும்னு பாப்போம். பொம்மை எங்கன வேணாலும் இருந்துக்கிடும்” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னை இன்னும் சீண்டியது. மூன்று மாதம் நான் நாயாய் உழைத்த அறையை ஒரே வார்த்தையில் கழற்றச் சொல்கிறாள். என் கை படாமல் அதில் ஒரு ஆணியையும் யாரும் தொடக் கூடாது என்று கத்திவிட்டு, அன்று ராத்திரி சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அன்று ஷிஃப்டில் ஒரு புதுப் பையனுக்கு ஜீரோ எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வார்ப்பில் பளபளப்பாக இருக்கும் முகத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதே, எந்த முகம் எஞ்சினில் போய் உட்காருகிறதோ அதிலிருந்து தொடங்கு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டு வாரமாக அவள் பெட்டியைத் திறக்காமல் இருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று ஷிஃப்டையும் பார்க்காமல் அந்த அறையில் ஒரு சாமானை எங்கே வைப்பது என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? நான் மூலையிலிருந்து அளந்தேன். அவள் என் தூக்கத்திலிருந்து அளந்துகொண்டிருந்தாள். வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது. காலையில் போனதும் ஷோகேஸை நானே கழற்றிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

போனால் எனக்கு வேலை வைக்கவில்லை அவள். ஷோகேஸ் எதிர்ச் சுவரோரம் தரையில் பத்திரமாக இருந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, இவளே திருகியிருக்கிறாள். எட்டுத் திருகாணியும் எண்ணெய் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கியிருந்தன. ஒன்றின் தலைகூட மழுங்கவில்லை. எங்கள் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன்கூட அவ்வளவு சுத்தமாகக் கழற்ற மாட்டான். இரும்புக்கடையில் பிறந்து வளர்ந்தவள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். சுவரில் இருந்த எட்டு ஓட்டையையும் வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, விரலால் நீவியும் விட்டிருந்தாள்.

“கோவமா?” என்று கேட்டாள்.

“இல்ல. நீ திருகுனத நான் பாக்கலையேன்னுதான் இருக்கு” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கட்டிலை இரண்டு பேருமாகப் பரணுக்குக் கீழே தள்ளினோம். அதன் பிறகுதான் அவள் அந்தப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். மேலாக இருந்த ஒரு கருநீலச் சேலையை எடுத்து, இரண்டாக மடித்து, பரணின் விளிம்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். கட்டிலும் பரணும் அந்தச் சேலையுமாக, அறைக்குள் ஒரு சின்ன அறை உண்டாகிவிட்டது. ஜன்னலை அவள் மூடவே இல்லை. வெயில் அதுபாட்டுக்கு வந்து அது விழும் இடத்தில் விழட்டும் என்றாள்.

அன்று எட்டு மணிக்குப் படுத்தேன். கண் விழித்தபோது ஒரே இருட்டு. மறுநாள் விடியப் போகிறது, ஷிஃப்டுக்குப் போகாமல் தூங்கிவிட்டேன் என்று பதறி, சேலையை விலக்கிக்கொண்டு வெளியே பாய்ந்து, பிரஷ்ஷைத் தேடினேன். மணி சாயங்காலம் அஞ்சு. ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கிறேன். வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் பகலில் அப்படித் தூங்கியதில்லை. உடம்பு லேசாக இருந்தது. அவள் ஜன்னலருகே பாய் போட்டு, அந்த வெயிலில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தில் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். இரண்டாம் வருஷம். ஆனால் மூன்று மாதம் மில்லிமீட்டர் கணக்கில் அந்த அறையை யோசித்தபோது, அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. பெட்டியில் பாதி அவளுடைய புத்தகங்கள்தான். தாஜ்மகாலையும் அன்னப்பறவையையும் பரண்மேல் ஏற்றிவிட்டு ஷோகேஸில் புத்தகங்களை அடுக்கினாள். என் கோப்பைக்கு மட்டும் ஒரு ஓரத்தில் இடம் கொடுத்தாள். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிறகு மூன்று நாலு நாளில் மற்றதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. கட்டிலுக்கு ஒரு இடம் அமைந்ததும் பாய்க்கு ஒரு இடம் அமைந்தது. பாய் வந்ததும் ஷோகேஸ் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தது. குடம் முட்டும் சத்தத்துக்காக வாசல் கதவின் கீழ் இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வைத்தாள். கல்யாணப் போட்டோவை அளவெடுக்காமல், என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, கொஞ்சம் அப்படி, கொஞ்சம் இப்படி என்று கண்ணாலேயே பார்த்து மாட்டினாள். டியூபை வைத்துப் பார்த்தால் அது கோணல்தான். ஆனால் அந்தச் சரிந்த அறையில் நேராகத் தெரிந்த முதல் பொருள் அதுதான். வந்தவர்கள் யாரும் அதன் பிறகு தலையைச் சாய்க்கவில்லை.

ஆள் பற்றாக்குறை என்று எங்களை அடுத்த வாரமும் மூன்றாவது ஷிஃப்டிலேயே நிறுத்திவிட்டார்கள். முன்பென்றால் புலம்பித் தீர்த்திருப்பேன். இப்போது எனக்கு வேறு ஒரு கவலைதான். ஆனி முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. அவள் என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அறையைச் சரிசெய்ததை வைத்து அவள் தங்குவாள் என்று எடுத்துக்கொள்ளவும் பயமாக இருந்தது. எங்கே போனாலும் கண்ணில் படுவதைச் சரிசெய்துவிட்டு நகரும் ஆள் அவள். கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமலே நாட்களைத் தள்ளினேன்.

மாமனார் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பாகவே வந்துவிட்டார். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து சேலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் குரல் கேட்டு விழித்துக்கொண்டேன். கடையில் லாரிக்காரனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உரத்துப்போன குரல் அது. தெருமுனைக்குக் கேட்கும்.

“ஏ தாயி, எப்படி இருக்க? எங்க மாப்பிள்ளையக் காணோம்?”

“மெதுவாப் பேசுங்கப்பா. அவுக தூங்குறாக” என்றாள் அவள்.

எனக்குத் தெரிந்து அந்த மனிதரை யாரும் மெதுவாகப் பேசச் சொன்னதில்லை. சொன்னால் அடங்குகிற ஆளும் இல்லை. ஆனால் அடங்கினார். பாயில் உட்காரும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடித்தார். பிறகு கிசுகிசுப்பு என்று அவர் நினைத்துக்கொண்ட ஒரு குரலில் பேசினார். எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

“ஆடி முடிஞ்சதும் மாப்பிள்ளைய நம்ம கடைக்கு வரச் சொல்லிறலாம்லா? அளவுகோல் எடுத்து அளந்தா இந்த ரூம் நம்ம கடை முன்வாசல் அளவுகூட இல்ல. இதுல என்னத்தக் கண்டு இருக்கப் போற?”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எஞ்சின் உறையில் கடைசித் துளை இறங்கும்போதுகூட நான் அப்படிக் காதைத் தீட்டிக் கேட்டதில்லை.

“அவுக இங்கனதான்ப்பா இருப்பாக. நானும் ஆவணி பொறந்ததும் வந்துருவேன்” என்றாள். “இந்த ரூம்ல ஒரு ஆளு பகல்ல நிம்மதியாத் தூங்குறதுக்கு எந்த இடம்னு இருவது நாளு பாத்துப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கேன். கோவில்பட்டில அவுக மெஷின நெனச்சு ராத்திரி படுத்துப் புரளுறதுக்கா இத விட்டுட்டு வரச் சொல்லுதீக?”

மாமனார், நான் எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன் என்று மட்டும் கேட்டார். அஞ்சு மணி ஆகும் என்றாள். அதுவரைக்கும் வயல் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கியது சேலை இடுக்கில் தெரிந்தது.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு எழுந்து, வாங்க மாமா என்று வெளியே போயிருக்க வேண்டும். அதுதான் முறை. போகவில்லை. எனக்காக அவள் தன் அப்பாவின் குரலையே தாழ்த்தச் சொல்லியிருக்கும்போது, நான் விழித்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.